அத்தானின் இரண்டு கிலோமீட்டர்

கடை முடிந்து வீடு திரும்பும்போது அத்தான் பாலத்துக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தி, ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். பின்னால் உட்கார்ந்து பல வருடமாக இதைப் பார்த்து வருகிறேன். அந்த இடத்தோடு அவருடைய ராஜ்ஜியம் முடிகிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். ஒரு பெரிய கம்பெனியின் பெயரையும் மசாலாவையும் ஒப்பந்தத்தில் வாங்கி, சொந்தப் பணத்தைப் போட்டுப் பொரித்த கோழிக் கடை நடத்துகிறார். கல்லாவில் அக்கா. கோழியை மாவில் புரட்டுவது நான். கடையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் கம்பெனி இன்னொரு கிளை திறக்காது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அத்தான் அதைப் பட்டா கிடைத்த மாதிரி எடுத்துக்கொண்டார். ஊர் வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, சட்டம் அடித்துக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். அன்றிலிருந்து கடையில் அவருக்கு ஜமீன்தார் என்று பெயர், அவர் இல்லாத சமயங்களில்.

வட்டத்துக்குள் குடியிருப்பவர் வேறு கடையில் சாப்பிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வெளியிலிருந்து போன் வந்தால், அடுத்தவன் ஏரியாவில் கை வைக்கமாட்டேன் என்று வைத்துவிடுவார். எங்கள் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். அதனால் எங்கள் கடைக் கோழி எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. அக்கா கேட்டால் தர்மம் என்பார். நாங்கள் முட்டை பொரித்துச் சாப்பிட்டோம்.

ஒருமுறை பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் கம்பெனியின் இன்னொரு கிளையின் டெலிவரிக்காரர் பார்சலோடு எங்கள் கடைத் தெருவில் நின்றார். பாவம், வழி தவறிவிட்டார் என்று அத்தானே பாலம் வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டு வந்தார்.

வட்டத்தின் நட்டநடுவில், எங்கள் கடைக்குப் பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி. எங்கள் வியாபாரத்தில் பாதி அங்கிருந்துதான்: நர்ஸ்கள், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள், சில சமயம் நோயாளிகளே. போன வருடம் அதன் கீழ்த்தளத்தில் கம்பெனியே ஒரு கவுன்டர் திறந்தது. எங்கள் இரண்டு எண்ணெய்ச் சட்டிகளில் ஒன்றின் அடுப்பு அணைந்தது. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

கம்பெனி மேலாளர் வந்தார். அத்தான் வரைபடத்தைக் கழற்றி அவர் மடியில் வைத்தார். அவர் அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, அந்த எல்லை தெருக் கடைகளுக்கு மட்டும்தான், ஆஸ்பத்திரிக்கும் ரயில் நிலையத்துக்கும் பொருந்தாது என்று விளக்கினார். அத்தான் கையெழுத்துப் போட்ட பக்கத்திலேயே அது இருந்தது.

அக்கா கல்லாவை விட்டு எழுந்து வந்தாள்.

"சரி சார். வட்டத்துக்கு வெளிய இவர் டெலிவரி பண்ணக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

"எங்கயும் இல்லையே மேடம். எல்லை நாங்க கிளை திறக்கறதுக்குத்தான். பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கிளை இத்தனை வருஷமா உங்க தெருவுக்கே டெலிவரி பண்ணுதே."

அத்தான் விட்டத்தைப் பார்த்தார். நான் மாவுப் பாத்திரத்தைப் பார்த்தேன்.

"அந்த ஆள நீங்கதான பாலம் வரைக்கும் கொண்டுபோய் விட்டீங்க," என்றாள் அக்கா அத்தானிடம். "அடுத்த தடவ டீயும் வாங்கிக் குடுங்க."

மறுநாள் பாலத்துக்கு அப்பாலிருந்து போன் வந்தபோது, அத்தான் எழுந்து நின்று முகவரி கேட்டார்.

ஆஸ்பத்திரிக் கவுன்டர் இப்போதும் நன்றாக ஓடுகிறது. எங்கள் ஆர்டரில் பாதி பாலத்தைத் தாண்டிப் போவதால் கடையை மூடவில்லை. இரண்டாவது சட்டி சனி, ஞாயிறுகளில் மட்டும் கொதிக்கிறது. அத்தான் இன்னும் பாலத்துக்கு முன்னால் நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறார். வீட்டில் எங்களுக்குக் கோழி அலுத்துவிட்டது.