வாலாம்பாள் திருப்பிக் கொண்டுபோன சிப்பிகள்

கரமனை அக்ரகாரத்தில் வாலாம்பாள் ஏறாத வீடு இல்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட். காப்பி டம்ளர் கைக்கு வருவதற்குள், அந்த வீட்டில் யார் யார், யாருக்கு என்ன வயது, யாருக்குப் பின் யார் என்று மனத்தில் அடுக்கிவிடுவாள். கணவர் போனபின் பிழைப்புக்காகப் படிந்த பழக்கம்.

சில வருடங்களுக்கு முன் ஆற்றங்கரையில் மதில் கட்ட இயந்திரம் வந்தது. அது தோண்டவிருந்த இடத்தில், படித்துறைக்கு அருகே மணலில் பாதி புதைந்து கறுப்புச் சிப்பிகள் கிடந்தன. அவை ஆற்றுநீரை உறிஞ்சி, வடிகட்டி, தெளிவாக்கி வெளியே விடுபவை என்று கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் ஷெமி முன்பே வாலாம்பாளுக்குச் சொல்லியிருந்தாள். அன்று ஷெமி ஊரில் இல்லை. வாலாம்பாள் தெருவையே பக்கெட்டோடு இறக்கினாள். எங்கே கொண்டு விடுவது? வலை விழாத, யாரும் தூண்டில் போடாத நீர் கோயில் குளம்தான். அந்தத் தெருவில் வேறு யாருக்கும் வேறு இடம் தோன்றியிருக்காது. சிப்பிகள் பிழைத்தன. பத்திரிகையில் படம் வந்தது. குளக்கரையில் அவள் பெயரோடு ஒரு போர்டும் வந்தது.

நான்கு வருடம் கழித்துப் பாசி எடுக்கும்போது வாலாம்பாளும் குளத்தில் இறங்கினாள். கையில் வந்த சிப்பியெல்லாம் உள்ளங்கை அகலம். சிறியதாக ஒன்றுகூட இல்லை. பழக்கதோஷம், யாருக்குப் பின் யார் என்று பார்த்துவிட்டாள். ஷெமியை அழைத்தாள்.

தாய்ச் சிப்பி தூசி போன்ற குஞ்சுகளை நீரில் விடுமாம். அவை சில வாரம் சிறுமீன்களின் செவுளைக் கவ்விக்கொண்டு வளர்ந்தால்தான் பிறகு மணலில் விழுந்து சிப்பியாகும். அதற்கு ஆற்றில் துள்ளும் பரல் மீன் போன்றவை வேண்டும். குளத்தில் இருந்தவையோ பொரி தின்று கொழுத்த திலாப்பியா மீன்கள்.

“அது இந்தக் குஞ்சுகளுக்கு ஆகாதுன்னுதான் தோணுது அக்கா,” என்றாள் ஷெமி. “பெருசுங்க நெறைய வருஷம் இருக்கும் கேட்டேளா. அதனாலதான் யாருக்கும் தெரியாம போச்சு.”

நிலைத்திருப்பதும் தொடர்வதும் ஒன்றல்ல. நாம் பெரும்பாலும் முதலாவதைப் பார்த்தே திருப்தியடைகிறோம்.

மதிலைத் தாண்டி மேலே, ஆறு வளையும் இடத்தில் மணலும் பரல் மீன்களும் இன்னும் இருந்தன. அங்கே சிப்பிகளைக் கொண்டுவிட வேண்டும் என்று வாலாம்பாள் கோயில் கமிட்டியில் கேட்டாள். செயலாளர் நாகேஸ்வரனுக்குப் பிடிக்கவில்லை. தெருவுக்குக் கிடைத்த பெயர் போகும், ஏஜென்ட் மாமி சொன்ன சொல்லை மாற்றுகிறாள் என்று நாலு பேர் பேசுவார்கள், அப்புறம் யார் அவளிடம் பாலிசி போடுவார்கள் என்றார். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது.

“ஒண்ணாவது செத்துதா வாலாம்பா?” என்று கேட்டார்.

“இல்லை மாமா. எல்லாம் சௌக்கியமா இருக்கு. ஆனா அதுகளுக்குப் பின்னாடி ஒரு குழந்தை இல்லை.”

“நம்ம தெரு மட்டும் எப்படியாம்? வீட்டுக்கு ரெண்டு கிழம்.”

கமிட்டி சிரித்தது. வாலாம்பாளும் சிரித்தாள்.

“நம்ம குழந்தைகள் பெங்களூர்ல இருக்கு மாமா. இதுகளோடது எங்கே இருக்கு?”

 நான் செய்தது தப்பு, நல்லெண்ணத்தில் செய்ததென்றாலும் தப்பு என்று அவளே அந்தச் சபையில் சொன்னாள். கமிட்டி ஒத்துக்கொண்டது. மறுநாள் போர்டையும் அவளே கழற்றினாள். இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு ஏஜென்டிடம் போனார்கள்.  ஷெமியின் மாணவர்களோடு, ஈரச் சாக்குப் போர்த்திய பக்கெட்டுகளில் சிப்பிகள் ஆற்றுவளைவுக்குப் போயின.

ஒரு மழைக்காலம் கழிந்தது. அதற்கடுத்த கோடையில், நீர் கணுக்காலுக்கு இறங்கியபோது ஷெமி மணலைச் சல்லடையில் அரித்தாள். பல நாள் வெறும் கூழாங்கல். பிறகு ஒரு நாள், சுண்டுவிரல் நகம் அளவில் ஒன்று. வாயை இறுக்க மூடியிருந்தது. உயிர்.

செய்தி கேட்டு நாகேஸ்வரன் வந்தார். வாலாம்பாள் அதை மறுபடி மணலில் வைத்துவிட்டிருந்தாள். வெளியே எடுத்துக் காட்டச் சொன்னார். மாட்டேன், வேண்டுமானால் இறங்கி வாருங்கள் என்றாள். ஆற்றில் கால் நனைத்து வருடக்கணக்கான மனிதர் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். அவள் விரல் காட்டிய இடத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவர் கால்களைச் சுற்றிப் பரல் மீன்கள் மொய்த்தன.

இப்போதும் பழைய பத்திரிகைப் படத்தைப் பார்த்துவிட்டு யாராவது குளத்தைத் தேடி வருவதுண்டு. நாகேஸ்வரன் அவர்களிடம் சொல்வது ஒன்றுதான்.

“இங்கே ஒண்ணும் இல்லை. ஆத்தங்கரை வளைவுக்குப் போங்கோ. எங்க வாலாம்பா அங்கேயாக்கும் வெச்சிருக்கா.”