சுல்பிகா மிஸி கேட்ட குரல்

காலை உடைத்துக்கொண்டு கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கிடந்தபோதுதான் சுல்பிகா மிஸியைக் கண்டேன்; மிஸி என்றால் எங்கள் பக்கத்தில் நர்ஸ். மருதமுனைக்காரி. வாட்டுக்குள் நுழைந்தால் கட்டில் கட்டிலாக நின்று கதைத்துவிட்டுத்தான் வேலை. "செலீனாக்கா, இண்டைக்குக் கால் எப்படி? டான்ஸ் ஆடலாமா?" என்பாள். கதைக்கத்தான் இவளுக்குச் சம்பளமாக்கும் என்று முணுமுணுப்பேன்.

அது நோன்பு மாதம். பக்கத்துக் கட்டில் உம்மாவுக்குத் துணையாக மகள் றிஸ்னா இருந்தாள். கண்ணைத் தவிர முகம் முழுக்க மூடியிருக்கும் பிள்ளை. அன்று மாலை நோன்பு திறக்க அவள் 'நானா' என்று கூப்பிடும் அண்ணன் நிப்றாஸ் கஞ்சியும், மேலே முந்திரிப்பருப்புத் தூவிய வட்டிலாப்ப இனிப்பும் கொண்டுவந்தார். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்து சாப்பிட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் உம்மாவுக்கு ஊசி போட மிஸி வந்தாள். "என்ன புள்ள, நோன்பு திறந்தாச்சா?"

"ஓம் மிஸி."

அந்தக் கம்மிய குரல் எனக்கும்தான் கேட்டது. நோன்புக் களைப்பு என்று நினைத்தேன். மிஸி ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"இன்னொருக்காக் கதைங்க."

றிஸ்னாவின் வாயிலிருந்து வெறும் கரகரப்புத்தான் வந்தது. நிப்றாஸை வெளியே நிற்கச் சொல்லி, என் கட்டிலையும் சேர்த்துத் திரையை இழுத்த மிஸி, முகத்துணியை விலக்கினாள். உதடுகள் வீங்கிக் கிடந்தன. கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாய்ச் சிவந்திருந்தது. மூச்சு விசிலடித்தது.

"காத்துப்படக் கொஞ்சம் நடத்திக் கூட்டிப் போகட்டா?" என்றார் நிப்றாஸ், திரைக்கு வெளியிலிருந்து.

"எழுப்பவே கூடாது நானா. நிண்டா நெஞ்சு நிண்டுரும்."

"அப்ப அலர்ஜிக்கு முழுங்கிற குளிசை ஒண்டு?"

"குளிசை பிறகு. அது வேலை செய்ய முந்தி மூச்சு அடைச்சிரும்."

கதைத்தபடியே றிஸ்னாவின் தொடையின் வெளிப்பக்கத்தில், அவசரத்துக்கு வைத்திருந்த அட்ரினலின் ஊசியை ஏற்றிவிட்டாள். படுக்கவைத்துக் காலை உயர்த்தினாள், மூச்சுக்கு ஒட்சிசன் மாட்டினாள், டொக்டருக்கு ஆள் விட்டாள். ஒருமுறைகூடச் சத்தம் உயரவில்லை. ஓடிவந்த டொக்டர் பார்த்துவிட்டு இன்னொரு ஊசி போடச் சொன்னார். மாதாவே, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு உயிர் போகப் பார்த்தது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு றிஸ்னா மூச்சை இழுத்துவிட்ட சத்தம் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

"கஜு எனக்கு ஒத்துக்கிறல்ல மிஸி" என்றாள், குரல் கொஞ்சம் தெளிந்ததும். "வட்டிலாப்பத்துக்கு மேல கிடந்த பருப்பெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டுத்தான் திண்டன்."

"உள்ளயும் அரைச்சுப் போட்டிருப்பாங்க புள்ள. இனி வாயில வைக்க முந்திக் கேளுங்க."

மிஸி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. இது தணிந்த பிறகும் திரும்ப வரலாமாம். "ஏதாவது கதைச்சிக்கிட்டே இருங்க" என்றாள். வாயே திறக்காத அந்தப் பிள்ளை தன் வீட்டுப் பூனை குட்டி போட்ட கதையைச் சொன்னாள். மிஸி நாடியைப் பிடித்தபடி உம் கொட்டினாள்.

"எப்படி மிஸி கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கக்குள்ள ஒருத்தர்ட குரல் எப்படியெண்டு தெரிஞ்சாத்தானே அக்கா, மாறினா விளங்கும்? சும்மாவா உங்களோட கதைக்கிறன்?"

சொல்லிவிட்டு, பைக்குள் கிடந்த பேரீச்சம்பழத்தை எடுத்து அப்போதுதான் நோன்பு திறந்தாள்.

மறுநாள் காலை வந்து நின்றாள். "செலீனாக்கா, கால் எப்படி?"

காலில் தொடங்கி, என் இடுப்பு, மாமியார், மழைக்கு ஒழுகும் கூரை என்று ஒன்று விடாமல் சொன்னேன்.