தளத்தில் நிறுத்திய தண்ணீர்

நான் கொத்தனார். நாலு பேர் முன்னால் பேச வராது. நெரவியில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டோம். புது கான்கிரீட் சீக்கிரம் காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் மேலே மண்வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்துவோம். வீட்டுக்காரர் துபாயிலிருந்து தினமும் போனில், "குளம் ரொம்பிருச்சா மேஸ்திரி? மீன் கீன் விட்டுடாதீங்க" என்று சிரிப்பார்.

அந்த வாரமே அவர் அங்கே மாரடைப்பில் இறந்துபோனார். துக்க நேரத்தில் வேலை செய்வது முறையல்ல என்று தண்ணீர் விடுவதைக்கூட நிறுத்திவிட்டோம். துக்கம் விசாரிக்கப் போனேன். வாசல் ஓரமாக நின்றேன். துக்க காலத்தில் வெளி ஆண்கள் முன் வராத அவர்கள் வழக்கப்படி, திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி கேட்டார்.

"அண்ணே, இன்னிக்குத் தண்ணி விட்டீங்களா?"

"இல்லம்மா."

"விடுங்கண்ணே. புள்ளைங்க அந்த வீட்லதானே இருக்கணும்."

நேராகத் தளத்துக்குப் போனேன். வரப்பு மண் வெயிலில் பிளந்து கிடந்தது. மோட்டாரைப் போட்டு, குழாயைப் பிடித்தபடி அழுதேன். ஆறுதல் சொல்லத் தெரியாமல் நின்ற எனக்கு, அன்று செய்ய ஒரு வேலை கொடுத்து அனுப்பியவர் அந்தப் பெண்தான்.