சுடர்விழியும் மாவாட்டிய சாட்சியும்

அஞ்சாம் வகுப்போடு நின்ற நாகம்மாளுக்கு மாத்திரை அட்டையின் பொடி எழுத்து பிடிபடாது. சுடர்விழி அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அட்டையை எடுத்து, தனக்கே படித்துக்கொள்வதுபோல், "காலையில ஒண்ணு, சாப்பிட்ட பின்னாடி" என்று முணுமுணுத்துவிட்டு வைத்துவிடுவாள். நாகம்மாளுக்கு அது போதும்.

குடவாசல் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போகும் இராஜாங்கத்தின் மகள் சுடர்விழி. தஞ்சாவூருக்குச் சட்டம் படிக்க வந்தவள், கரந்தையில் இட்லிக் கடை போட்டிருந்த நாகம்மாளின் மாடி அறையில் தங்கினாள். கடைசி வருஷம் கல்லூரியில் ஒரு மாதிரி வழக்கை நடத்திக் காட்ட வேண்டும். தவறினால் ஒரு வருஷம் போச்சு. இவளுக்கோ பெரியவர்களை எதிரே நிறுத்திக் கேள்வி கேட்க நாக்கே எழாது. ஒத்திகையில் சாட்சியாக நின்ற ஆசிரியரைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா சார்?" என்றாள். வகுப்பே சிரித்தது.

அழுதுகொண்டு வந்தவளிடம், "என்னையக் கேளு கண்ணு, நான் சாட்சி" என்றாள் நாகம்மாள்.

அன்று முதல் சாயங்காலமெல்லாம் மாவாட்டும் இடமே கோர்ட்டு. ஆரம்பிக்கும்முன் நாகம்மாள் பிள்ளையார் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். "அப்பனே, இது பாடம். பொய்யின்னு நெனச்சுக்காதே." பிறகு இவள் பக்கம் திரும்பி, "சத்தமாக் கேளு, கிரைண்டர் ஓடுதுல்ல!"

வழக்கு இதுதான்: மார்கழியில் ஒருவர் வரப்பை வெட்டித் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டார், இரண்டு வயல் தள்ளி நின்று பார்த்தேன் என்கிறாள் சாட்சி. வெட்டியது அவரில்லை என்று வாதாட வேண்டியவள் சுடர்விழி.

"பயிர் இடுப்பளவு நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"அவரு குனிஞ்சுதானே வெட்டுனாரு?"

"நிமிந்துகிட்டு எவன் வெட்டுவான்? குனிஞ்சுதான்."

சுடர்விழிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்புறம் எப்படி முகம் தெரிஞ்சுது?"

"முகம் எதுக்கு? அவன் பச்சைத் துண்டு வரப்புல கெடந்துச்சே. ஊருக்கே தெரியும் அது."

"அத்தை! துண்டெல்லாம் கேஸ் பேப்பர்லயே இல்ல!"

"நீ கேட்டே, நான் சொன்னேன். குனிஞ்சான்னு சொன்னப்பவே நீ கேள்விய நிறுத்திட்டு உக்காந்திருந்தா நான் ஏன் துண்ட எடுக்குறேன்?"

கோபித்துக்கொண்டு மாடி ஏறியவள், சற்று நேரத்தில் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

வழக்கு நடந்த அன்று நாகம்மாள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுடர்விழி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "சாட்சி குனிஞ்சுதான்னு சொல்லிட்டாங்க அத்தை. அடுத்த கேள்வி தொண்டை வரைக்கும் வந்துச்சு. ஒங்க துண்டு ஞாபகம் வந்துச்சு. உக்காந்துட்டேன்!" தேறிவிட்டாள்.

இப்போது மதுரையில் ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியர். போன ஆவணியில் வந்து இரண்டு நாள் இருந்தாள். கிளம்பும்போதும் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து முணுமுணுத்துவிட்டுத்தான் வைத்தாள். பஸ் ஏற்றிவிடப் போன நாகம்மாளுக்குக் கண் கலங்கியது.

"பொங்கலுக்கு வருவியா?"

"வருவேன் அத்தை."

"லீவு குடுப்பாங்களா? அந்த நேரத்துல பஸ்ஸு கெடைக்குமா?"

சுடர்விழி ஜன்னல் வழியே கையை நீட்டி அவள் தோளை அமுக்கினாள்.

"வருவேன்னு சொல்லிட்டேன்ல? உக்காருங்க அத்தை."