ஒரு தறிக்கு இரண்டு முதலாளிகள்

"மச்சானோட சேர்ந்து தொழில் தொடங்கப் போறேன் சார். பார்ட்னர்ஷிப் போடவா, கம்பெனியாவே பதிஞ்சிரவா?"

போன வாரம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு வாசகர் கேட்டார். பத்தி எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று இன்னும் நம்புகிறார்களே... நான் என்ன ஆடிட்டரா? எனக்குத் தெரிந்தது ஞானராஜ், சாகுல் கதைதான். அதைச் சொன்னேன்.

இருவரும் என்னோடு படித்தவர்கள். எண்பதுகளில் ஊருக்கு வெளியே ஒரு ஷெட் பிடித்து, விசைத்தறி போட்டு, பேண்டேஜ் துணி நெய்தார்கள். பின்பக்கம் துணி வெளுக்கும் தொட்டிகள். சரிபாதிப் பங்கு. யார் எதைப் பார்ப்பது? அதை மட்டும் பேசவில்லை. சிநேகிதர்களுக்குள் அதெல்லாம் ஒரு பேச்சா?

ஒரு நாள் காலையில், மதுரை ஆர்டரை முதலில் ஓட்டச் சொன்னான் சாகுல். மத்தியானம் வந்த ஞானராஜ் அதை நிறுத்தி, திருநெல்வேலிக்குப் போடச் சொன்னான். சாயங்காலம் இருவரும் தறிக்கு முன்னால் நின்று கத்த, தறிக்காரர் மோட்டாரை அணைத்தார்.

"ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு சொல்லுங்க மொதலாளி. செத்த நேரம் டீ குடிச்சிட்டு வாரேன்."

அவர்கள் முடிவு சொல்லவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டார்கள்!

அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவில் நான்தான் டெலிபோன். ஞானராஜின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சாகுல் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தான். எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிட்டரிடம் இருவரையும் இழுத்துக்கொண்டு போனேன். ஒரே பஸ் - ஒருவன் முன் சீட், ஒருவன் கடைசி சீட்.

ஆடிட்டர் பொறுமையாகச் சொன்னார். "பிரைவேட் லிமிடெட் ஆக்கிருங்க அண்ணாச்சி. தொழில்ல நஷ்டம் வந்தாலும் வீடு வாசலுக்குச் சேதம் இல்ல."

சாகுல் கேட்டான்: "கம்பெனி ஆக்கிட்டா இவன் எங்கூடப் பேசுவானா சார்?"

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்குச் சட்டத்துல வழி இல்லியே..."

ஞானராஜ் சாகுல் பக்கம் திரும்பினான்.

"ஏலே, தறிய நீ வச்சுக்க. வெளுப்பு பூராத்தையும் நான் பாத்துக்கிடுதேன். ஓந்துணி எங்கிட்டயே வரட்டும்."

சாகுல் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அம்மா எப்படி இருக்காவ?" என்றான்.

"வீட்டுக்கு வந்து பாரு."

அவ்வளவுதான். ஷெட்டுக்கு நடுவே ஒரு சுவர். இந்தப் பக்கம் ஒரு முதலாளி, அந்தப் பக்கம் ஒரு முதலாளி. திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். எனக்குத்தான் இடம் இல்லை. நின்றுகொண்டே வந்தேன், சந்தோஷமாக.

எல்லாத் தொழிலையும் பிரிக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. சேர்ந்தே செழித்தவர்களும் இதே ஊரில் உண்டு. பார்ட்னர்ஷிப்பா, கம்பெனியா என்று கேட்கும் முன் ஒன்று: சட்டை தைக்கிறவர் முதலில் ஆளை அளக்கிறாரா, துணியையா?

சமீபத்தில் சாகுல் மகளுக்குக் கல்யாணம். வாசலில் நின்று வரவேற்றவன் ஞானராஜ். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "நீங்க அவுக பார்ட்னரா?"

"முன்னாடி பார்ட்னரா இருந்தேன். இப்ப சிநேகிதன்" என்றான்.

பதவி உயர்வு என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.