கண்ணாடி மேல் பொட்டு

பிற்பகல் மூன்று பத்து. கிள்ளானில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பேய் வர இருட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை நம்ப வேண்டாம். என் இடது கை இன்னும் மாவுக்கட்டில் இருக்கிறது. எனக்கு அது போதும்.

பெரியப்பா கன்னையா ரயில்வேயில் வேலை பார்த்தவர். பிரிக்ஃபீல்ட்ஸ் குவாட்டர்ஸில் குடியிருந்தபோதே மனைவியை இழந்தவர். பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, பின்மண்டையில் அடிபட்டு இறந்ததாகச் சொல்வார்கள். நான் அப்போது பிறக்கவில்லை. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் பெரியப்பாதான். இப்போது அவருக்கு மறதி நோய். என்னைத் தெரியாது. சில நாள் கை நீட்டுவார். திங்கட்கிழமை அவரை முதியோர் ஹோமில் சேர்த்துவிட அம்மா முடிவு செய்திருந்தார்.

"ஒரு ஆப் இருக்கும்மா. பழைய படத்தப் போட்டா அது பேசும். பெரியம்மா முகத்தப் பாத்தா அமைதியாயிருவாரு. அப்புறம் ஹோம் வேணாம்."

"அக்கா உசுரோட இருந்தப்பவே அடங்காத மனுஷன். டேப்லட்டுக்கா அடங்கப் போறாரு? சரி, திங்கக்கிழம வரைக்கும் பாரு லா."

அம்மா கடைக்குப் போனார். கூடத்தில் மாலையோடு தொங்கிய பெரியம்மா அமுதவள்ளியின் படத்தை போனில் எடுத்தேன். சட்டத்தைக் கழற்றவில்லை. கண்ணாடி மேல் குங்குமப் பொட்டு இருந்தது. இறந்தவர் படத்துக்கு எல்லா வீட்டிலும் வைப்பதுதானே.

பொட்டு நெற்றி நடுவில் இல்லை. இடது புருவத்துக்கு மேலே இருந்தது. ஈரமாகவும் இருந்தது.

அம்மா அவசரத்தில் வைத்திருப்பார் என்று நினைத்தேன்.

படம் பேச வேண்டியதை ஆப்பில் இரண்டே வரியாக எழுதினேன். டேப்லட்டைப் பெரியப்பா மடியில் வைத்தேன். பெரியம்மா கண் சிமிட்டினார்.

"நான்தான் அமுதா. சாப்பிட்டீங்களா?"

பெரியப்பா சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

"சாப்பிட்டேன் புள்ள."

எனக்கு அழுகை வந்தது. இனி ஹோம் இல்லை...

அப்போது பொட்டு நகர்ந்தது.

மெல்லிய கோடாக வழிந்தது. புருவம்... கண்... தாடை. ஆப் முகத்தோடு பொட்டையும் சேர்த்து அசைக்கிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெரியப்பா கட்டைவிரலால் திரையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். அது வழிந்துகொண்டே இருந்தது.

"கழுவுனேனே... தண்ணி ஊத்திக் கழுவுனேனே..."

"வலிக்குது. விடுங்க."

அந்த வரியை நான் எழுதவில்லை.

பெரியப்பா எழுந்தார். எதையும் பிடிக்காமல் நடக்க முடியாதவர். சமையலறைக்கு நடந்து போனார். கல் உராயும் சத்தம். அம்மிக் குழவியோடு திரும்பி வந்தார்.

டம்.

கண்ணாடி தெறித்து என் கன்னத்தைக் கிழித்தது.

டம். டம்.

திரை செத்தது. குரல் சாகவில்லை.

"வலிக்குது. விடுங்க."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

"சத்தம் போடாத, அமுதா."

குழவி உயர்ந்தது. தலையைக் கையால் மூடினேன்.

டக்.

என் எலும்பு.

இன்னொரு முறை உயர்ந்தது... வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. குழவி கீழே விழுந்தது. பெரியப்பா உட்கார்ந்து மழையைப் பார்க்க ஆரம்பித்தார்.

மருத்துவமனையில் அம்மாவிடம் கேட்டேன். "பெரியம்மா படத்துக்கு ஏம்மா கோணலா பொட்டு வச்சீங்க?"

"பொட்டா? அக்கா படத்துல பொட்டு வைக்க உங்க பெரியப்பா ஒரு நாளும் விட்டதில்லயே."

போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

அம்மா போனை வாங்கிப் பார்த்தார். அவர் விரல் தன் இடது புருவத்துக்கு மேலே போய் நின்றது.

"அக்காவக் குளிப்பாட்டுனது நான் ஒருத்திதான். இங்கதான் குழியா இருந்துச்சு. பயந்துபோய் யார்கிட்டயும் சொல்லல... இத உனக்கு யாரு காட்டுனா, மாதவி?"