தெரிந்தே வாங்கிய கிரைண்டர்

ஹெச்.ஆர். சார் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"மூணே வரி. எனக்கு இங்கிலீஷ் சரியா வராது, கம்பெனி ரூல் புரியாம கையெழுத்து போட்டுட்டேன்னு எழுது. வார்னிங்கோட விட்டுடறேன். இல்லன்னா இன்னிக்கே டிஸ்மிஸ்தான்."

சப்ளையர்களிடமிருந்து எந்தப் பரிசும் வாங்கக்கூடாது என்பது ரூல். நான் வாங்கியது ஒரு கிரைண்டர்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் அந்தக் கம்பெனிக்கு வெளியிலிருந்து வரும் ரப்பர் பாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவது என் வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். டிப்ளமோவும் முடித்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்று ரூல் தாளை மற்ற பெண்கள் படிக்காமலே கையெழுத்திட்டபோது, நான் முழுவதும் படித்து அவர்களுக்குத் தமிழில் விளக்கினேன். "தீபாவளி ஸ்வீட்டு கூட வாங்கக்கூடாதாம்டி" என்று சொன்னதுகூட நினைவிருக்கிறது.

தங்கைக்கு மஞ்சள் நீராட்டு வைத்தோம். எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைப்பதென்றால் முகம் தெரிந்த எல்லோருக்கும் வைக்க வேண்டும். ஒருவரை விட்டாலும் மனஸ்தாபம். ரப்பர் சப்ளை செய்யும் அண்ணனுக்கும் வைத்தேன். அவர் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தது கிரைண்டர் பெட்டி. வரிசை கொண்டு வந்தவர்களை மைக்கில் அறிவிப்பது வழக்கம். "பெரிய பொண்ணு கம்பெனிக்கு சாமான் போடுறவரு, கிரைண்டர் ஒண்ணு!" என்று பந்தல் முழுக்கக் கேட்டது. பந்தியில் என் கம்பெனிப் பெண்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால் வரிசையைத் திருப்பினால், மனுஷனையே வெளியே போ என்பது போல. அம்மா வேறு அந்தப் பெட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கிவிட்டேன்.

அதற்கு முந்தின வாரம்தான் அவருடைய இரண்டு பெட்டிகளை அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தேன். அடுத்த வாரம் வந்தவை சரியாக இருந்தன, கையெழுத்துப் போட்டேன். சரியாகத்தான் இருந்தன. இனி அதை யார் நம்புவார்கள்?

"சார், நான் அதைப் படிச்சேன்" என்றேன்.

"நீ படிச்சது எனக்கும் தெரியும். அத விடு. எழுது."

கதவு திறந்தது. செக்யூரிட்டி என் அப்பாவை அழைத்து வந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சூளையில் செங்கல் அறுக்கிறவர். விஷயம் கேள்விப்பட்டுக் கிரைண்டரை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, வண்டியைக் கேட்டில் நிறுத்தியிருந்தார்.

"சார், சாமான எட்த்துகினு வந்துட்டேன். பொண்ண உட்டுடுங்க."

"திருப்பிக் குடுத்தாலும் வாங்கினது வாங்கினதுதான் பெரியவரே. உங்க பொண்ண எழுதச் சொல்லுங்க."

என்ன எழுத வேண்டும் என்று சார் சொன்னார். நைனா என் பக்கம் திரும்பினார். "எழுதேம்மா. இன்னா இப்போ?"

"படிச்சுட்டு, படிக்கத் தெரியலன்னு எழுதணுமா நைனா?"

"எனக்குத் தெரியாதுன்னு நான் எத்தினி ஆபீஸ்ல சொல்லிகீறேன். நான் இன்னா கொறஞ்சா போய்ட்டேன்?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேனாவை எடுத்தேன். அவர் எதிரிலேயே, ஆங்கிலத்தில் எழுதினேன்: ரூலைப் படித்தேன், புரிந்தது, தெரிந்தே பரிசை வாங்கினேன், கையெழுத்துப் போட்ட பாகங்களில் குறை கிடையாது, வேண்டுமானால் மறுபடி அளந்து பாருங்கள்.

நைனா தாளைப் பார்த்தார். சார் சொன்னதை எழுதிவிட்டேன் என்று நினைத்துத் தலையை ஆட்டினார்.

சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "திமிரும்மா உனக்கு. ஐடி கார்டைக் குடு."

அப்போதுதான் நைனாவுக்குப் புரிந்தது.

கேட்டில் செக்யூரிட்டி என் பையைச் சோதித்தார். தினமும் சிரித்துப் பேசுகிறவர், அன்று டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்தார். நைனா சைக்கிளைத் தள்ளினார். கிரைண்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். மெயின் ரோடு வந்தது.

"அம்மாவாண்ட நீயே சொல்லு" என்றார், திரும்பாமல். "எனக்கு சொல்ல வராது."